எம்.பி.யும் கூட ஒருவரும்

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள சங்கவி,

உன் தாத்தா எம்.பி.யாக இருந்து என்னதான் செய்தார் என்று போன வாரம் போனில் கேட்டாயே, அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் இத்தனை வருடமாக வரலாறு எடுப்பவள் சொந்த மாமனாரின் வரலாறு தெரியாது என்று எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வீட்டில் மூன்று பேரும் சுகம், அதில் ஒருவர் மட்டும் தனக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருகிறார், ஆகையால் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் சுகம் என்று எடுத்துக்கொள். கார்த்திகை முடிந்தும் மழை விடவில்லை. துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டி உன் அப்பாவின் சட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருக்கிறோம். நகோயாவில் பனி பெய்யும் என்றாய், காதை மூடிக்கொண்டு போ, முடி கலையும் என்று பார்க்காதே, அங்கே உன் முடியைப் பார்க்க யாரும் காத்திருப்பதாக இதுவரை நீ எனக்குச் சொல்லவில்லை. கேப்பைக் கூழ் காய்ச்சி ஆபீஸ் தோழிகளுக்குக் கொடுத்ததாகச் சொன்னாயே, அவர்கள் இன்னும் உன்னோடு பேசுகிறார்களா? செவ்வாய்க்கிழமை கூரியரில் பருப்புப் பொடியும், வறுத்து வெல்லப் பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டையும் அனுப்புகிறேன், அந்தப் பெட்டியிலேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ 'ம்' கொட்டுவது நான் சொல்வதற்கா, நீ கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டிருப்பதற்கா என்று எனக்குத் தெரிவதில்லை.

கேள்விக்கு வருகிறேன். அவர் எப்படி எம்.பி. ஆனார் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவுக்கு அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, தீமிதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தெய்வசிகாமணி சவுண்ட் சர்வீஸ்தான். கட்சியில் இருபது வருடம் இருந்தும் மேடையில் அவர் பேசியது 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பது மட்டும்தான், அதை முடித்துவிட்டு இறங்கி மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அந்தத் தேர்தலில் கட்சி நிறுத்திய வேட்பாளர் ஜெகதீசன் வக்கீல். ஒருவருடைய மனு தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்று இன்னொருவரை மாற்று வேட்பாளராக மனுப் போடச் சொல்வார்கள், ஊரில் அதற்கு டம்மி என்று பெயர். டம்மிக்கு ஆசை இருக்கக் கூடாது, வசதி இருக்கக் கூடாது, சொன்னதும் வாபஸ் வாங்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய ஆள் தாத்தா. கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்து இரண்டு பேரும் மனுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரி முன்னால் உறுதிமொழி படிக்க வேண்டும். நல்ல நேரம் முடிந்து ராகு காலம் பிறந்துவிட்டது என்று வக்கீல் கையைப் பிசைந்தார், அவருடைய ஜோசியர் நாளைக் காலை படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தாத்தாவுக்கு வளத்தி கிராமத்தில் ஒரு காதுகுத்துக்கு மைக் கட்ட வேண்டியிருந்தது, மறுபடியும் இவ்வளவு தூரம் வர முடியாது என்று ராகு காலத்திலேயே படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டார். மறுநாள் மனுப் பரிசீலனை. அதற்கு முந்தின நாளே உறுதிமொழி எடுத்திருக்க வேண்டும் என்பது விதியாம். வக்கீலின் மனு போயிற்று. ஜோசியரைத் தேடினார்கள், அவரும் போயிருந்தார். வளத்தியில் புளியமரத்தின்மேல் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த கடை ஆள் பச்சைமுத்துவிடம் வந்து, 'எங்கடா உங்க ஓனரு? அவருதான்டா நம்ம கேண்டிடேட்டு' என்று சொன்னார்களாம், அவர் மரத்திலிருந்தே, 'கிண்டல் பண்ணிக்கினு இருக்காத, ஒயர எடுத்துக் குடு' என்றாராம்.

அந்த வருடம் அடித்த அலையில் மைக்கை நிறுத்தியிருந்தால் மைக்கும் ஜெயித்திருக்கும். ஜெயித்துவிட்டார். டில்லிக்குப் போனார். போய் என்ன செய்தார் என்பதுதான் உன் கேள்வி. நான் சந்தேகப்படும் ஜாதி என்பது உனக்குத் தெரியும், ஆகவே போன வாரம் உன் போனை வைத்ததும் அவைக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தேன். பதவிப் பிரமாணம் எடுத்த இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. அவரிடமே கேட்டேன். மழைக் காலத்தில் மரக்காணம் உப்பளத்து ஆட்களுக்கு வேலை இல்லாமல் போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு மாதம் மனப்பாடம் செய்தாராம், பெயரைக் கூப்பிட்டார்களாம், எழுந்தாராம், அந்த நேரம் பார்த்து வேறு எதற்கோ எல்லோரும் கத்த ஆரம்பித்துச் சபையை ஒத்திவைத்துவிட்டார்களாம். அப்படியானால் பேசவில்லை என்றுதானே அர்த்தம் என்றேன். 'பேசினேனே, மாண்புமிகு சபாநாயகர் அவர்களே வரைக்கும் பேசினேன்' என்றார். அதுகூடக் குறிப்பில் இல்லை மாமா என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனால் அந்தச் சபையின் ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். ஒரு கீச்சு கிடையாதாம், இரைச்சல் கிடையாதாம், பேசுகிறவருக்கு முன்னால் தானாக விளக்கு எரியுமாம். டில்லியில் அவருக்குக் கிடைத்த சிநேகிதர்கள் அந்த ஒலி அறையில் வேலை செய்த இரண்டு பேர் மட்டும்தான் என்று உன் அப்பா சொல்வார். இன்னொன்றும் செய்தார், காணைக்குப் போகிற வழியில் அவருடைய எம்.பி. நிதியில் கட்டிய பயணியர் நிழற்குடை ஒன்று இருக்கிறது. பெயர்கூடப் பாதி தெரிகிறது. பஸ் மட்டும் அங்கே நிற்பதில்லை, கொஞ்சம் தள்ளி மரத்தடியில்தான் நிற்கிறது, ஜனங்களும் மழையில் அந்த மரத்தடியில்தான் நனைகிறார்கள்.

எனக்கு இதில் சொந்த வருத்தமும் ஒன்று உண்டு. எம்.பி. வீட்டுச் சம்பந்தம் என்று சொல்லித்தான் உன் அப்பாவைப் பெற்ற ஆயாவும் மற்றவர்களும் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். என் அப்பாவுக்கு அந்த வாரம் கால் தரையில் இல்லை. நிச்சயம் முடிந்து பத்திரிகை அடித்து வந்த சமயத்தில் டில்லியில் சபையைக் கலைத்துவிட்டார்கள். அச்சடித்ததை வீணாக்க மனமில்லாமல் பச்சைமுத்து 'முன்னாள்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்து எல்லாப் பத்திரிகையிலும் எம்.பி.க்கு முன்னால் குத்தினார். அவசரத்தில் சிலவற்றில் அது என் பெயருக்கு முன்னால் விழுந்துவிட்டது. என்னோடு எம்.ஏ. படித்த பெண்கள் என்னை அதற்குப் பிறகு வெகுநாள் முன்னாள் செண்பகம் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்சி அவருக்கு மறுபடியும் சீட்டுக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை, திண்டிவனத்துக்குத் திரும்பி வந்து கடையைத் திறந்து ஒயர் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

நீ பிறந்த பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ விடுமுறைக்குத் திண்டிவனம் வந்தபோதெல்லாம் தாத்தா எங்கே என்று கேட்டால் ரயிலில் என்று நாங்கள் சொன்னோம், ஏன் என்று நீயும் கேட்டதில்லை. முன்னாள் எம்.பி.க்கு ஓர் அடையாள அட்டை உண்டு. அதைக் காட்டினால் ரயிலில் குளிர்சாதனப் படுக்கை வகுப்பில் அவரும், கூட ஒருவரும் இலவசமாகப் போகலாம். அந்த அட்டை முதலில் அவர் சட்டைப்பையில் சும்மாதான் கிடந்தது. பச்சைமுத்து பனமலைத் திருவிழாவில் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுச் சென்னையில் ஆபரேஷன் ஆனபோதுதான், இவரை எப்படிப் படுக்க வைத்துத் திரும்பக் கூட்டிவருவது என்று யோசித்து, தாத்தா அந்த அட்டையை எடுத்தார். அதோடு நிற்கவில்லை. அடுத்து டெய்லரின் அம்மா, அதற்கடுத்துக் கோட்டக்குப்பத்தில் டீக்கடை வைத்திருந்தவர், அதற்கடுத்து யாரோ. சென்னை ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தேதி கொடுத்தால் முதலில் வீட்டில் சொல்வார்கள், அடுத்ததாக மைக்செட் கடையில் பச்சைமுத்துவிடம் சொல்வார்கள். அவர் டிக்கெட் போட்டு வைப்பார். 'குடை எடுத்துக்கினியா, எம்.பி.ய எடுத்துக்கினியா' என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள். போகும்போது உட்கார்ந்து போகிறவர் திரும்பும்போது படுத்து வருவார், தாத்தா எதிரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அவர் செய்வது. ஆஸ்பத்திரியில் யாரையும் அவருக்குத் தெரியாது, டாக்டரிடம் பேச மாட்டார், வராந்தாவில் உட்கார்ந்து தூங்குவார். இது சேவையா, குளிர்சாதனத்தில் ஊர் சுற்றுகிற ஆசையா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம் உண்டு, செங்கல்பட்டில் வடை வாங்கிச் சாப்பிடாமல் அவர் ஒரு தடவையும் வந்ததில்லை என்று கேள்விப்பட்டதால் அந்தச் சந்தேகம் தீரவும் இல்லை.

இப்போது வீட்டில் நடக்கிற பேஜாரைச் சொல்கிறேன். போன மாதம் எழும்பூரில் ரயில் ஏறும்போது படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தோம், கோபித்துக்கொள்ளாதே. எலும்பு முறியவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு போய்விடும், பிறகு கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அப்பா அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய் அவரைத் திண்டிவனத்திலிருந்து இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அட்டையைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி என்னிடம். அதிலிருந்து தாத்தா பீரோவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரே அவருக்குப் பிடிக்கவில்லை. திண்டிவனத்தில் டீக்கடையில் நுழைந்தால் 'எம்.பி.க்குச் சக்கரை கம்மி' என்று குரல் கொடுப்பார்களாம், விழுப்புரத்தில் ஒருத்தனும் தன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று குறை. நாற்பது கிலோமீட்டரில் ஒரு மனிதனுக்கு இத்தனை மரியாதைக் குறைவு வருமா என்று நேற்றுக்கூடக் கேட்டார். ஒரு நாள், 'ஏம்மா, இந்தப் பீரோ நல்ல கனமோ?' என்றார். ரொம்பக் கனம் மாமா என்றேன். 'அப்படித்தான் தெரியுது' என்று மறுபடியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று காலையில் பச்சைமுத்து ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் கெங்கம்மாள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரத்துக் குப்பம், மீன் விற்கிறவர், வீட்டுக்காரர் இல்லை, மகன் கடலுக்குப் போகிறான், ஒரு மகளும் உண்டு. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தலையில் முடி இல்லை, புடவைத் தலைப்பால் மூடியிருந்தார், கையில் ஒரு பையில் நெத்திலி. இந்த நிலைமையில் இதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்றேன். 'வெறுங்கையோட எம்.பி. வூட்டுக்கு எப்படி வர்றது?' என்று சொல்லிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, 'இன்னா டீச்சரம்மா, எங்க எம்.பி.ய வூட்டுக்குள்ள வெச்சிப் பூட்டிகினு கீறீங்களாமே?' என்றார். தாத்தா அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் உன் அப்பாவுக்கும்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். கெங்கம்மாளுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை மருந்து ஏற்றினால் முடிந்துவிடும். அது நாளைக்கு, திங்கட்கிழமை. தாத்தா விழுவதற்கு முன்னால் எல்லாத் தடவையும் அவரோடு ரயிலில் போய்ப் படுத்துக்கொண்டு திரும்பினார். விழுந்த பிறகு வந்த தடவை இந்த அம்மா மகளோடு பஸ்ஸில் போயிருக்கிறார். மருந்து ஏற்றித் திரும்பும்போது வாந்தி நிற்கவில்லை, மற்றவர்கள் முகம் சுளித்தார்களாம், கண்டக்டர் அச்சரப்பாக்கம் தாண்டி நடு ரோட்டில் இறக்கிவிட்டுவிட்டானாம். அம்மாவும் மகளுமாக மழையில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அன்றைக்கே இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பச்சைமுத்து ரயில் டிக்கெட் முன்னமே போட்டு வைத்திருந்தார், எம்.பி.க்கும் கூட ஒருவருக்கும் என்று, ஆனால் அட்டையும் அட்டைக்காரரும் இல்லாமல் அந்த டிக்கெட்டால் பிரயோஜனம் இல்லை. 'எம்.பி. வந்தா போறேன். இல்லாட்டி வுட்டுத் தள்ளு, அஞ்சு தபா ஏத்துனது போதாதா, ஆறாவது இல்லாட்டி இன்னா ஆயிடப் போவுது' என்று நெத்திலியை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் படித்தவளாயிற்றே, எனக்கு வழி உடனே தோன்றிவிட்டது. தாத்தா எதற்கு, அதே பெட்டியில் உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன், நீங்கள் பாட்டுக்குப் படுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். கெங்கம்மாள் என்னை ஒரு நிமிஷம் பாவமாகப் பார்த்தார். 'டிக்கிட்டு இன்னாம்மா டிக்கிட்டு. அந்தக் குளுருப் பொட்டில நானும் எம் பொண்ணும் ஒண்டியா ஏறி ஒக்காந்தோம்னு வெச்சிக்கோங்க, வர்றவன் போறவன்லாம் இது ஒம் பொட்டி இல்ல, எறங்கு எறங்கும்பான். எத்தினி பேருக்கு டிக்கிட்ட எடுத்து எடுத்துக் காட்டிகினு கெடக்கறது? எம்.பி. ஒக்காந்துகினு இருந்தாருன்னா எவனும் வாயத் தெறக்க மாட்டான். நான் பாட்டுக்குக் கால நீட்டிப் படுத்துக்குவேன்' என்றார். சட்டப்படி யாரும் உங்களை எழுப்ப முடியாது என்று சொன்னேன். 'அப்ப அந்தச் சட்டத்த இட்டுகினு வாங்க, பக்கத்துல ஒக்கார வெச்சிக்கிறேன்' என்றார். பச்சைமுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உன் அப்பா குறுக்கே வந்து அப்பா எங்கேயும் போகக் கூடாது என்று கறாராகச் சொன்னார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, எண்பது தாண்டியவர், அந்தப் படியில் மறுபடியும் வழுக்கினால் யார் பார்ப்பது. தாத்தா மெதுவாக, 'நான் என்ன ஓடவா போறேன்? உட்கார்ந்துக்கினுதானே வரப் போறேன்' என்றார். 'உங்க வேலையே உட்கார்றதுதானேப்பா, அதை இங்கயே உட்காருங்க' என்று உன் அப்பா சொன்னார். கெங்கம்மாள் எழுந்து, 'சண்ட போட்டுக்காதீங்கப்பா, நான் வர்றேன்' என்று கிளம்பிவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, நெத்திலியை இன்றைக்கே குழம்பு வைத்துவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி போய்விடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வைத்தேன். தாத்தா அதைத் தொடவில்லை.

அதிலிருந்து வீடு இறுகிப்போய்க் கிடக்கிறது. நம் காரில் அந்த அம்மா படுத்து வர முடியாது என்று உன் அப்பா ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டிப்போகலாமா என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தார், அந்த அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் என்றாலே பயமாம், அதில் போனவர் யாரும் எங்கள் குப்பத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்று சொல்லிவிட்டாராம். தாத்தா நாற்காலியை விட்டு அசையவில்லை, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், கேட்காததுதான் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே சாவியை மட்டும் நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். காலையில் போவதாக இருந்தால் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் தாத்தாவின் முதுகு எனக்குத் தெரிகிறது, வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. எங்கேயும் போகாத மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எதற்கு இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நீ இதற்காக அங்கே இருந்து கவலைப்படாதே, உன் வேலையைப் பார். குளிரில் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. பருப்புப் பொடியை அந்த ஊர்ச் சாதத்தில் போட்டுச் சாப்பிடும்போது நெய் ஊற்றிக்கொள், எடை கூடும் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. உன் அப்பாவின் பிறந்தநாள் அடுத்த வாரம் வருகிறது, மறந்துவிட்டு மறுநாள் கூப்பிட்டு அங்கே நேரம் வேறு என்று சொல்லாதே, உங்களுக்குத்தான் முன்னாடி விடிகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருடைய ஆசியும் உனக்கு உண்டு, நீ நினைத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், உடம்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு.

இப்படிக்கு,
உன் அம்மா
செண்பகம்

செவ்வாய்க்கிழமை காலை. பெட்டி கட்டுவதற்கு முன்னால் சேர்த்து எழுதுகிறேன், நேற்று நடந்ததை நீ வேறு யார் வாயிலும் கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சைமுத்துவுக்குப் போன் செய்து கெங்கம்மாளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிவிட்டேன். கல்லூரிக்கு லீவு சொன்னேன். திங்கட்கிழமை காலையில், அட்டை என் கைப்பையில் இருக்கிறது, நானும் கூடப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தாத்தாவின் கைத்தடியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எங்களைக் காரில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார், டிக்கெட் அங்கிருந்துதான். அங்கே கெங்கம்மாளும் ஏறினார். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி முடிய வெகுநேரம் ஆயிற்று, தாத்தா நான் எழுதியிருந்தபடியே வராந்தாவில் தூங்கினார். கடைசி மருந்தும் ஏறி முடிந்துவிட்டது, சங்கவி. வெளியே வந்தபோது கெங்கம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

திரும்பி வர தாத்தாவுக்கும் கெங்கம்மாளுக்கும் டிக்கெட் இருந்தது. அந்தப் பெட்டியில் இடம் இல்லை என்று எனக்கு எழும்பூரில் கடைசி நேரத்தில் கிடைத்தது ஸ்லீப்பர் வகுப்பில். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. படியேறும்போது தாத்தாவை நான் ஒரு பக்கம், ஒரு போர்ட்டர் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டு, அவர்கள் பெட்டியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கெங்கம்மாள் எதிர்ப் படுக்கையில் சுருண்டு படுத்துக்கொண்டார். ஜன்னலோரம் இருந்த ஒரு ஆள் அந்த அம்மாவின் மொட்டைத் தலையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஏதோ கேட்கப் போனவர் தாத்தாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் எழுந்து எல்லோருக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கெங்கம்மாள் கண்ணைத் திறக்காமலே, 'அவரு எம்.பி., நான் அவரு கூட வந்தவ. இந்தம்மாதான் இன்னா டிக்கிட்டுன்னு தெரியல, கேட்டுக்கோங்க' என்றார். அட்டையைப் பார்த்து அந்தப் பரிசோதகர் தாத்தாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, 'மேடம், உங்க இடம் எஸ் ஃபோர், இங்க உட்காரக் கூடாது' என்றார். பெரியவர் போன மாதம் விழுந்தவர், மருமகள் நான், கல்லூரியில் வேலை பார்க்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். 'காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களே இப்படிப் பண்ணா எப்படிங்க மேடம்?' என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாத்தா எனக்காக ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'ரூல்ஸ் அப்படித்தாம்மா இருக்கு. கூட ஒருத்தருக்குத்தான்' என்றார்.

பெட்டி பெட்டியாக நடந்து என் இடத்துக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது கெங்கம்மாள் காலை நன்றாக நீட்டிவிட்டிருந்தார். திண்டிவனத்தில் ரயில் நின்றதும் குதிக்காத குறையாக இறங்கிப் பிளாட்பாரத்தில் ஓடினேன், அவர் அந்தப் படியில் எப்படி இறங்குவார் என்பது மட்டும்தான் மனதில். நான் போய்ச் சேருவதற்குள் கெங்கம்மாள் முதலில் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மேலே நீட்டி, 'பாத்து, பாத்து, இந்தக் கால மொதல்ல வையி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார். எனக்குப் பிடிப்பதற்கு மிச்சம் இருந்தது அவருடைய பை மட்டும்தான், அதை வாங்கிக்கொண்டேன்.